நாற்பத்தொரு வீட்டுக்கு ஒரு நம்பர்

மலைக் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்ததும், எப்போது கீழே இறங்கலாம் என்று அன்றைக்கே நாள் எண்ணத் தொடங்கியிருக்கும் இளைய சகாக்களே, நானும் அப்படி எண்ணியவன்தான். சந்தவாசல் அடிவாரத்தில் பிறந்தவன். வீட்டு வாசலில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். அதனாலேயே மலையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வங்கிப் பணியில் கடைசிப் பதினோரு வருடம் அங்கேயே கிடந்தேன். ஓய்வு பெற்ற பிறகு யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்று இருந்தவனை, போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தி கிளப்பிவிட்டது.

மின்னணுப் பணப் பரிமாற்றச் சேவைகளுக்கான விதிகளைத் திருத்தப் போகிறார்களாம். வரைவு வந்திருக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பக்கம் பக்கமாகப் படித்தேன். பாதி நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு கைப்பேசி எண்ணை ஒரே குடும்பத்தாரின் கணக்குகளோடு மட்டும்தான் இணைக்கலாம். வெளியார் கணக்குகள் அதே எண்ணில் இருந்தால், மின்னணு வழியில் பணம் எடுப்பதும் அனுப்புவதும் நிறுத்தப்படும். அவ்வளவுதான், இரண்டு வரி. குழுவில் அதற்குக் கீழே வரிசையாகக் கை தட்டும் படங்கள். "வாடகைக் கணக்குக்காரங்க ஒழிஞ்சாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

வாடகைக் கணக்கு என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கை மாற்றுவதற்காக அடுத்தவன் பெயரில் நடத்தும் கணக்கு. அந்தத் தொழில் செய்கிறவன் ஒரே எண்ணை நாற்பது கணக்குக்குப் போடுவானா? போட்டால் மறுநாளே மாட்டுவான். அவன் நாற்பது சிம் கார்டு வாங்குவான், நாற்பது போன் வாங்குவான். ஒரே எண்ணை நாற்பது பேர் வைத்துக்கொள்வது ஏழை செய்கிற காரியம். இந்தச் சின்ன விஷயம் வரைவு எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஆலங்காயத்திலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், அந்த ஊருக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை கொடுத்தாயிற்று. நாற்பத்தொரு வீடு. சாமையும் கேழ்வரகும் போடுகிறார்கள், புளிய மரங்கள் இருக்கின்றன. அங்கே கணக்குத் தொடங்கும் முகாமுக்கு நான்தான் போனேன். அப்போது நான் கிளையில் கள அலுவலர். விண்ணப்பத்தில் கைப்பேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஊரில் கேட்டால் மொத்தம் ஒரே ஒரு போன். அலமேலு என்கிற பெண்ணிடம் இருந்தது. அவள் கணவன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன், பேசுவதற்காக வாங்கிக் கொடுத்திருந்தான். அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் மட்டும்தான் டவர் எடுக்கும்.

ஊர்க்காரர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு காளியம்மாள் என்கிற அம்மா முன்னால் வந்து சொன்னார்.

"எல்லாருக்கும் அலமேலு நம்பரே போடுங்க சார். அவ வூட்டாண்டதான் டவரு கீது. அவ ஒண்ணியும் தப்பா பண்ண மாட்டா."

நான் அலமேலுவைப் பார்த்தேன். "போட்டுக்கோங்க சார்" என்றாள். போட்டேன். நாற்பத்தொரு விண்ணப்பத்திலும் என் கையாலேயே எழுதினேன், கீழே கையெழுத்தும் போட்டேன். அன்று சாயங்காலம் கிளைக்குத் திரும்பியபோது, ஒரே நாளில் ஒரு ஊரையே முடித்துவிட்டாய் என்று மேலாளர் தோளில் தட்டினார். நானும் பூரித்துப்போனேன். அந்தப் பெண்ணின் தலையில் என்ன ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர் ஒரு ஒழுங்கு ஏற்படுத்திக்கொண்டது. வாரம் ஒருமுறை நம் முகவர் கையடக்க மெஷினோடு அங்கே போவார். விரலை வைத்தால் பணம் தரலாம். ஆனால் புளி தட்டுகிற மாதங்களில் பெண்களின் விரலில் ரேகை இருக்காது. ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, புளி ஊறி ஊறித் தோல் உரிந்துவிடும். மெஷின் கையை ஏற்காது. அப்போது வேறு வழி, பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்வது. எல்லாருடைய ஓ.டி.பி.யும் அலமேலுவின் போனுக்கு வரும். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். யார் பணம் எடுக்கிறார்களோ அவர்களே நேரில் வந்து நின்றால்தான் எண்ணைச் சொல்வாள். ஒருமுறை நானே பார்த்தேன். ஒருவன் மனைவியின் கணக்குக்கு ஓ.டி.பி. கேட்டு வந்தான்.

"அவள வரச்சொல்லுண்ணா."

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல. நான் அவ புருசன்தான?"

"புருசன்தான். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? கணக்கு அவ பேர்ல கீது. நானே வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்றேன், போ."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவள் அப்படியே போனைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாப்பது பற்றி நமக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறார்கள். அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை.

இதற்கு அவள் காசு வாங்கவில்லை. ஆனால் சும்மா உதவி வாங்குகிற பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது. அவளுடைய சாமைக் கொல்லையில் களையெடுக்கிற அன்று வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து நிற்பார்கள். காலையில் இறங்கினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். யாரும் பேசிவைத்து ஆரம்பித்ததில்லை. புருசன் ஊரில் இல்லாத பெண் தனியாக எப்படிக் களையெடுப்பாள் என்று தொடங்கியது, அப்படியே வழக்கமாகிவிட்டது.

எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, அந்தக் கிளைக்கு நானே மேலாளராக இருந்தேன். ஒரு காலையில் கணினியைத் திறந்தால், நாற்பத்தொரு கணக்கும் சிவப்பில் இருந்தது. தலைமையகத்தில் மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு புதிய மென்பொருள் வைத்திருந்தார்கள். ஒரே எண், பல கணக்கு, ஒரே நாளில் பணம் எடுப்பு என்று பார்த்ததும் அது தானாகவே முடக்கிவிட்டது. முகவர் வாரத்தில் ஒருநாள்தான் அங்கே போகிறார், அதனால் எல்லாரும் அன்றைக்குத்தான் எடுப்பார்கள் என்று அதற்கு யார் சொல்வது? நான் சொன்னேன். கடிதம் எழுதினேன், போன் செய்தேன், திரும்ப எழுதினேன். பதில் வரவில்லை. விசாரணை அதிகாரிதான் வந்தார்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் வட்டார அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், எனக்கு வேண்டியவர். "உங்களுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. அந்த நம்பரை எழுதினது பழைய முகவர்னு சொல்லிடுங்க. அவன் வேலையை விட்டுட்டே போயிட்டான், அவனை யாரும் தேடப் போறதில்ல. இல்லைன்னா அந்தம்மாவே கொடுத்துச்சுன்னு விட்டுடுங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றார். சரி என்று சொல்லி வைத்தேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அலமேலு மறுநாள் வந்தாள். காளியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் துணைக்கு வந்தார்கள். புளி தட்டுகிற வேலையை விட்டுவிட்டு, பொழுது விடியுமுன் கிளம்பி நடந்திருக்கிறார்கள். விசாரணை அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த நம்பர் உங்களோடதா?"

"ஆமாங்க."

"நாற்பத்தொரு கணக்குக்கும் ஓ.டி.பி. உங்களுக்குத்தான் வருதா?"

"ஆமாங்க. வந்து கேட்டா சொல்வேன். ஆளு வரலன்னா சொல்ல மாட்டேன்."

"அதுக்கு அவங்க உங்களுக்கு எவ்வளவு தருவாங்க?"

"துட்டெல்லாம் இல்லிங்க."

"பணம் இல்லாம வேற ஏதாவது தருவாங்களா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். கேட்ட கேள்விக்கு ஒன்று விடாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"களையெடுக்க வருவாங்க சார். வூட்டுக்கு ஒராளு."

அதிகாரி தட்டச்சு செய்தார். அலமேலு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது என்ன வழக்கம் என்று இவருக்கு நான் எடுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் மேஜை மேல் இருந்த முத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருட வேலையில் நான் செய்த தவறுகள் எத்தனையோ இருக்கும். அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வாக்குமூலத்தை அச்செடுத்து அவள் முன்னால் வைத்தார்கள். முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பேனாவைக் கையில் வாங்கியவள் அதையும் தாளையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது சார்? நீங்க படிச்சு சொல்லுங்க. நீங்க சொன்னா போட்டுர்றேன்."

படித்தேன். கடைசிப் பத்தியில், ஓ.டி.பி.யைப் பகிர்ந்ததற்குக் கைம்மாறாகக் கணக்குதாரர்களிடமிருந்து உழைப்பைப் பெற்றதாக அவள் ஒப்புக்கொள்கிறாள் என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் நேராகக் காவல் துறைக்குப் போகும். ஒருவர் செய்த நல்ல காரியத்தையும் ஊரார் காட்டிய நன்றியையும் ஒரே வரியில் குற்றமாக்கிவிட்டார்கள். அதிலே ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. நான் படித்துச் சொன்னால் அவள் போட்டுவிடுவாள். என்னை நம்பித்தான் பேனாவைக் கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடாதம்மா" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க சாட்சி மட்டும்தான்" என்றார்.

"நான் சாட்சி இல்ல. நாற்பத்தொரு பாரத்துலயும் அந்த நம்பரை எழுதினது நான். இந்தம்மா கேக்கல, நான்தான் போட்டேன். அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா நம்ம கம்ப்யூட்டர் வாங்காது, அதுக்காகப் போட்டேன். முதல்ல என் வாக்குமூலத்தை எழுதுங்க."

வீராவேசம் என்று நினைக்காதீர்கள், முந்தைய நாள் போனில் சரி என்று சொன்னவன்தான் நான். களையெடுப்பது என்ன, எதற்காக என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் போட இந்த ஃபார்ம்ல இடம் இல்லை சார்" என்றார். தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள், பிறகு கொடுத்தார்கள். அது போகட்டும், தப்புச் செய்தவனுக்கு வந்தது. கணக்குகளைத் திறக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவர்கள் சம்பாதித்த பணம் அவர்கள் பெயரிலேயே இருந்தது, தொட முடியவில்லை. அரிசிக்காகப் புளியை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அலமேலுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தாள், நான் படித்துக் காட்டினேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அப்டின்னா?"

"உன் மேல கேஸ் இல்லன்னு அர்த்தம்."

"நான் தப்பு பண்ணலன்னு எழுத மாட்டாங்களா சார்?"

எழுத மாட்டார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எந்த அலுவலகத்திலிருந்தும் போகவில்லை. சில நாள் போனை அணைத்துத் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாளாம். பிறகு பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். திரும்ப எடுத்தாள், ஒரு நிபந்தனையோடு. இனிமேல் யாரும் என் கொல்லையில் களையெடுக்க வரக் கூடாது. அன்றிலிருந்து தனியாகத்தான் எடுக்கிறாள், நாலைந்து நாள் ஆகிறது. பக்கத்துக் கொல்லையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விதிப்படி எல்லாம் சரியாகிவிட்டது, திருப்திதானே?

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, இன்னும் எதற்கு ஒரே நம்பர் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே பாதி வீட்டுக்குப் போன் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் போன் வைத்திருக்கிறவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், மனைவி மலையில் இருக்கிறாள். டவர் இன்னும் அந்த ஒரு மேட்டில்தான் எடுக்கிறது. டவர் நட ஒரு விதி போட ஆளில்லை. இருக்கிற ஒரு நம்பரைப் பிடுங்க மட்டும் விதி வருகிறது.

அதனால்தான் போன வாரம் மலையேறினேன். முழங்கால் வலியோடு, வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனேன். வரைவில் என்ன இருக்கிறது என்று அந்த மேட்டில் வைத்துச் சொன்னேன். நாற்பத்தொரு வீடும் எங்கள் கருத்தை எழுதுங்கள் என்றது. ஒவ்வொருவரும் அவரவர் கதையைச் சொன்னார்கள், நான் தனித்தனியாக எழுதிக்கொண்டேன். பிறகு என் போனிலேயே அந்த இணையதளத்தைத் திறந்தேன். கருத்தை இணையதளம் வழியாக மட்டும்தான் அனுப்ப முடியும். அனுப்புகிறவர் உண்மையான ஆள்தான் என்று உறுதி செய்ய, கைப்பேசி எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்டது. அலமேலுவின் கருத்து முதலில் போனது. அடுத்து காளியம்மாளின் பெயர், அவர் கருத்து, அதே எண். இந்த எண்ணிலிருந்து ஏற்கெனவே கருத்துப் பெறப்பட்டுள்ளது என்று வந்தது. மூன்றாவது பெயரைப் போட்டேன். அதையே சொன்னது.

"இன்னா சார் சொல்லுது?" என்றார் காளியம்மாள்.

சொன்னேன்.

"அப்போ அலமேலு மட்டுந்தான் ஆளா? நாங்கல்லாம் யாரு?"

எதற்காகப் பேச வந்தார்களோ, அதே காரணத்தால் அவர்களைப் பேச விடவில்லை. என் எண்ணைப் போட்டுக் காளியம்மாளின் கருத்தை அனுப்பினேன். என் மனைவியின் எண்ணில் ஒன்று போனது. என் மகனிடம் கேட்டு இன்னொன்று. பெங்களூரில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம், சிம் கார்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒருவரும் கிடைக்கவில்லை. அதோடு என் கையில் இருந்த எண்கள் தீர்ந்துவிட்டன. இன்னும் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். கருத்துச் சொல்லக் கடைசித் தேதி நெருங்குகிறது.

கீழே இறங்கியதும் நம் குழுவில் எழுதினேன். இந்த ஊரில் ஒரு வீட்டுக்காக உங்கள் எண்ணைத் தாருங்கள், வருகிற ஓ.டி.பி.யை என்னிடம் சொல்லுங்கள், கருத்துக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்கும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். எல்லாரும் படித்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும், நீலக் குறி விழுந்திருக்கிறது. இதுவரை ஒரே ஒரு தம்பிதான் பதில் போட்டிருக்கிறார். அதுவும் குழுவில் இல்லை, எனக்குத் தனியாக.

"சார், நம்பர் கொடுத்தா பின்னால எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?"

நியாயமான கேள்விதான் தம்பி. நாற்பத்தொரு பாரத்திலும் என் நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்ன அன்று, அலமேலு இதை என்னிடம் கேட்கவில்லை.